கல் இல்லாத தீவில் ஒரு பனிப் பாடம்



கேரி தீவில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். பொறியியல் படிக்கிறவன் என்பதால் என் தலையில் கட்டிய வேலை அது. ஒரு வாரம் துருவப் பகுதி நில அமைப்புகளை எடுத்தேன். பனியாறு, பனிப்பாறை, பனித்தட்டு என்று பலகையில் எழுதி முடிப்பதற்குள் பாதிப் பேர் வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பையன் நேராகவே கேட்டான்: "அண்ணே, நாங்க ஐஸ் கச்சாங்தான் பார்த்திருக்கோம். இது எங்களுக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. அடுத்த வாரம் பாடத்தையே மாற்றினேன். எப்படி என்று சொல்கிறேன், உங்கள் கிளையிலும் செய்து பாருங்கள்.

முதலில் நம் காலடி மண்

"எல்லாரும் போய் ஆளுக்கு ஒரு கல் எடுத்துட்டு வாங்க" என்றேன். திரும்பி வந்தவர்கள் கையில் இருந்தது லாரியில் கொண்டுவந்து ரோட்டில் கொட்டிய ஜல்லி மட்டுமே. தீவின் சொந்த மண்ணில் கல் இல்லை, எங்கு தோண்டினாலும் களிதான். ஏன்?

லங்காட் ஆற்றைக் கேட்டால் தெரியும். உலு லங்காட் மலையில் குளிக்கப் போனவர்களுக்கு அங்குள்ள பெரிய பாறைகள் ஞாபகம் இருக்கும். மலையில் ஆறு வேகமாக ஓடுகிறது, கல்லையும் உருட்டுகிறது. சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைகிறது, கல் நின்றுவிடுகிறது, மணல்தான் நகர்கிறது. கடலைத் தொடும் இடத்தில் மிக நுண்ணிய சேறு மட்டும் மிஞ்சுகிறது. அதைச் சதுப்புநில மரங்களின் வேர்கள் பிடித்து வைக்கின்றன. கேரி தீவு இப்படிப் படிந்த மண். இங்குள்ள மாமேரி மக்கள் சிலை செதுக்குவதும் கல்லில் இல்லை, நீரே பத்து என்ற சதுப்புநில மரத்தில். 'பத்து' என்றால் மலாயில் கல்!

நீர் ஓடினால் பொருளைத் தரம் பிரிக்கும். இது புரிந்துவிட்டால் துருவத்துக்குப் போகலாம்.

அதே நீர் உறைந்தால்

முதல் நாள் இரவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணலும் சிறு கற்களும் போட்டு, நீர் ஊற்றி உறைய வையுங்கள். ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள், நம் வெயிலில் தாங்காது. ஒரு தட்டில் களிமண்ணைப் பரப்பி, ஒரு பக்கம் குவளையிலிருந்து நீரை ஊற்றுங்கள். ஒடுக்கமான கோடு விழும். இன்னொரு பக்கம் ஐஸ் கட்டியை அழுத்தித் தள்ளுங்கள். அகலமான பள்ளமும் அதன் அடியில் கீறல்களும் விழும். மலையில் ஆறு வெட்டும் பள்ளத்தாக்கு ஆங்கில 'வி' எழுத்துப் போலவும், பனியாறு குடையும் பள்ளத்தாக்கு 'யு' எழுத்துப் போலவும் இருப்பதன் காரணம் இதுதான். அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தால் ஃபியோர்டு. நார்வேயின் சோக்னஃபியோர்டு சுமார் 1,300 மீட்டர் ஆழம்.

பிறகு கட்டியை உருக விடுங்கள். கல், மணல், தூசு எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். பனி தரம் பிரிக்காது, கிடைத்ததையெல்லாம் சுமந்து வந்து உருகும் இடத்தில் போட்டுவிடும். அந்தக் குவியலுக்குப் பெயர் மொரெய்ன்.

நம் கங்கையும் இப்படித்தான் தொடங்குகிறது. சுமார் 30 கிலோமீட்டர் நீளமான கங்கோத்ரி பனியாற்றின் வாயான கோமுகத்திலிருந்து பாகீரதி வெளியே வருகிறது. சிவபெருமான் கங்கையைச் சடையில் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார் என்ற கதை பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தக் கதையை அறிவியல் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஆனால் மலை நீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகிறது என்பதைப் புரிய வைக்க அதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

இடம் அறிந்து கட்டு

அண்டார்டிகாவில் இந்தியா 1983-84இல் அமைத்த முதல் நிலையத்தின் பெயர் தட்சிண கங்கோத்ரி. பனித்தட்டின் மேல் கட்டியதால் பனி அதை மூடிக்கொண்டே வந்தது. 1990இல் கைவிட்டார்கள். அடுத்த நிலையமான மைத்ரியை 1989இல் பனி இல்லாத பாறை நிலத்தில் கட்டினார்கள். அது நிலைத்தது. சூழல் நிலத்தை மட்டுமில்லை, மனிதன் எங்கே எப்படிக் கட்ட வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது.

நான் தப்பாகச் சொன்னது

"மிதக்கிற பனிப்பாறை உருகினா கடல் ஏறும்" என்று சொல்லிவிட்டு, அதை நிரூபிக்க ஒரு குவளை நீரில் ஐஸ் போட்டுக் கோடு கிழித்தேன். ஐஸ் உருகியது. நீர் கோட்டிலேயே நின்றது. "அண்ணே, ஏறலையே!" என்றாள் முன்வரிசையில் இருந்த பாப்பா. எனக்கு முகம் வேர்த்தது. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பரீட்சையில் எழுதியவன் நான்!

"அண்ணன் சொன்னது தப்பு" என்று ஒப்புக்கொண்டு இன்னொரு குவளை எடுத்தோம். நீருக்கு மேல் தலை தெரியும்படி ஒரு ஜல்லிக் கல்லை வைத்து, அதன் மேல் ஐஸ். இந்த முறை கோடு மூழ்கியது. மிதக்கும் பனி தன் இடத்தை ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டது. நிலத்தின் மேலுள்ள பனி உருகினால்தான் கடலுக்குப் புது நீர் சேர்கிறது. அண்டார்டிகாவின் பனி சராசரியாக இரண்டு கிலோமீட்டர் கனம். நம் இரட்டைக் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முறை அடுக்கினாலும் எட்டாது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனி இன்னும் அதிகம். கடல் ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. மலாக்கா நீரிணை காய்ந்த நிலம், சுமத்ராவுக்கு நடந்தே போகலாம். பனி உருகிக் கடல் ஏறி வந்த பிறகுதான் நம் கரையும் இந்தத் தீவும் உருவாயின. துருவப் பனி நமக்கு எதுக்கு என்று கேட்டவனுக்கு இதுதான் என் பதில்.

பாப்பா விடவில்லை. "அப்ப மிச்ச ஐஸும் உருகினா நம்ம கோயிலு?"

பயமுறுத்தவும் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. 1900க்குப் பிறகு உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. பனி உருகுவது ஒரு காரணம், கடல் நீர் சூடாகி விரிவது இன்னொன்று. நம் தோட்டத்தில் பல இடங்கள் அமாவாசை, பௌர்ணமி நீரேற்றத்தைவிடத் தாழ்வு. மண் அணையும் தண்ணீர்க் கதவுகளும்தான் செம்பனையைக் காக்கின்றன. அணைக்கு வெளியே அலையின் வேகத்தைக் குறைப்பது சதுப்புநிலக் காடு.

"நாளைக்கே மூழ்காதும்மா. ஆனா அணையை உயர்த்தணும், காட்டை வெட்டாம வெச்சுக்கணும்" என்றேன்.

"யாரு உயர்த்துவா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. எல்லாரையும் அணை வரை நடத்திக் கூட்டிப்போய், ஒரு பக்கம் கடல் நீரும் மறுபக்கம் நம் நிலமும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று அவர்களையே பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரம் பாப்பா அளவு நாடா கொண்டு வந்திருந்தாள்.