இரண்டு வியாதிகள், ஒரே உறக்கமின்மை

நம்பிக்கை: மனச்சோர்வு ஒரு வியாதி, பதற்றம் வேறொரு வியாதி, இரண்டையும் ஒரே சீட்டில் எழுதும் வைத்தியர் குழம்பிப்போயிருக்கிறார்.

உண்மை: காலராவுக்கும் மலேரியாவுக்கும் தனித்தனிக் கிருமி இருப்பதுபோல, மனத்தைப் பீடிக்கும் ஒவ்வொரு துன்பத்துக்கும் தனிக் காரணமும் தனக்கே உரிய லட்சணங்களும் இருக்கவேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பது இயல்பே, ஆயினும் மனோவியாதிகள் அவ்வாறு வேலியிட்டுக்கொண்டு வாழ்வதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனோவியாதிகளைக் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பின்படி, மனச்சோர்வுக்குரிய 9 அறிகுறிகளில் ஐந்தேனும் இரண்டு வாரம் நீடிக்கவேண்டும். பொதுப் பதற்ற நோய்க்கோ, ஆறு மாதகாலம் அடங்காத விசாரத்தோடு 6 அறிகுறிகளில் மூன்றேனும் இருக்கவேண்டும். உறக்கக் கேடு, களைப்பு, சித்தம் ஒருமைப்படாமை ஆகிய மூன்றும் இரு பட்டியல்களிலும் இடம்பெறுகின்றன என்பதையும், பதற்றத்துக்குத் தேவையான எண்ணிக்கையும் அதே மூன்றுதான் என்பதையும் சேர்த்து நோக்கினால், இரு பெயர்களும் ஒருவரிடத்தே கூடுவதில் வியப்பென்ன இருக்கிறது? 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பு, பெரிய வியாதி இருக்கும்போது சிறியதைத் தனியே குறிக்கலாகாதென்று பல இடங்களில் விதித்திருந்தது. அவ்விதிகளுட் பல 1987-இல் நீக்கப்பட்டன. சீட்டில் பெயர்கள் பெருகியதற்கு வைத்தியரின் குழப்பத்தைவிட இதுவே காரணம்.

அப்படியானால் பேதமே இல்லையா? உண்டு. கிளார்க், வாட்சன் என்னும் உளவியலாளர் இருவர் 1991-இல் இதைத் தெளிவாக வகுத்தனர்: துயரமும் சஞ்சலமும் இரண்டுக்கும் பொது, எதிலும் இன்பம் காணவியலாத வறட்சி மனச்சோர்வுக்குச் சிறப்பு, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் சரீர வேகம் பதற்றத்துக்குச் சிறப்பு. பின்னாளில் டச்சு அறிஞர் போர்ஸ்பூம் வேறொரு கோணத்தைக் காட்டினார். அறிகுறிகள் மறைந்திருக்கும் ஒரு வியாதியின் வெளித்தோற்றங்கள் மட்டுமல்ல. அவை ஒன்றையொன்று பிறப்பிக்கவும் கூடும் என்பது அவர் கொள்கை. கவலையால் உறக்கம் கெட்டு, உறக்கம் கெட்டதால் உடல் சோர்ந்து, சோர்வினால் வேலையில் பிழை நேர்ந்து, அப்பிழையே மறுநாள் இரவின் கவலையாகித் திரும்பும் அந்தச் சுழலை அனுபவித்தவர்க்கு இதில் விளக்கவேண்டியது அதிகமில்லை. எனக்கு இக்கருத்து மிக நெருக்கமானது. ஏனெனில் நோயாளியின் நாளை அது உள்ளபடியே பார்க்கிறது.

நம்பிக்கை: உறக்கம் குறைந்தால் அது மனச்சோர்வுதான், அண்டைவீட்டார் உண்ட மாத்திரையே போதும்.

உண்மை: இது அபாயகரமானது. தைராய்டுச் சுரப்பு மிகுந்தாலும் உறக்கம் போகும். மனம் மிக எழுந்தும் மிகத் தாழ்ந்தும் மாறும் இருதுருவ நோயின் எழுச்சிக் காலத்திலும் உறக்கம் குறையும். ஆனால் அப்போது களைப்பு தோன்றுவதில்லை. அந்நோயின் தாழ்ந்த கட்டம் வெறும் மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும். அதற்கு மனச்சோர்வு மருந்தை மாத்திரம் தனியே கொடுத்தால் சிலருக்கு எழுச்சி மூண்டுவிடுவதுண்டு. சோர்ந்து அமர்ந்திருப்பவரின் அருகிலுள்ள தாயிடமோ மனைவியிடமோ, “இவர் எப்போதாவது நாலைந்து நாள் சரியாகத் தூங்காமலே மிகுந்த உற்சாகத்தோடு திரிந்ததுண்டா?” என்று வைத்தியர் சம்பந்தமில்லாததுபோல் கேட்பது அதனால்தான்.