கருப்பட்டியும் சீனியும்

நம் நாஞ்சில் நாட்டார் பலர், சீனியை விலக்கிக் கருப்பட்டிக் காப்பி அருந்துவதால் இனிப்பின் தீங்கு நீங்கியதென எண்ணுகின்றனர். இஃது ஆராயத்தக்கது. அக்கானி என்னும் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டைகளில் வார்ப்பது கருப்பட்டி. இரும்பு முதலிய தாதுக்கள் அதிற் சிறிதளவு உளவேனும், பெரும்பகுதி சீனியிலுள்ள சுக்ரோஸே. ஆதலின், இரண்டும் இரத்தத்திற் சர்க்கரையை ஏற்றுவனவே.

நாம் உணவிற் சேர்க்கும் இனிப்பு, நாளுணவின் ஆற்றலிற் பத்திலொரு பங்கிற்குக் குறைதல் வேண்டுமென்றும், ஏறக்குறைய 25 கிராமிற்குட்படின் மேலும் நன்றென்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. அங்ஙனம் குறைப்பின் பற்சொத்தை குறையும்; உடல் மிகைபருத்தலும் தணியும்.

நீரிழிவுற்ற பாட்டனார்க்கு, கேடற்றதென நம்பி நாம் அன்புடன் நீட்டும் கருப்பட்டிக் காப்பி தீங்காய் முடியலாம். நாவிற்குச் சின்னாள் வருத்தமாயினும், எவ்வினிப்பையும் சிறிது சிறிதாய்க் குறைத்துப் பழகுவோமாக.