காலையில் பிடிக்காத அம்பாசடர்

கார்புரேட்டரைப் பிரித்து, புது கிட் போட்டு மாட்டிய பிறகும் காலையில் வண்டி பிடிக்கவில்லை என்றால், பெரும்பாலோர் திரும்பவும் அதே கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். கடைசியாகக் கை வைத்த இடத்தின் மேல் சந்தேகம் போவது இயல்புதான். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. திருவண்ணாமலையில் ஒரு 1974 மார்க் 2 அம்பாசடரை வைத்துக் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் நம் ஊர்க் குளிரைப் பற்றி. மார்கழி விடியலில் செங்கம் ரோட்டில் நடப்பவர்கள் மஃப்ளர் சுற்றிக்கொள்கிறார்கள், சரி. ஆனால் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே இங்கே பெரிய குளிர். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து இங்கிலாந்துப் பனியில் ஸ்டார்ட் ஆன ஜாதி. அதற்கு நம் மார்கழி கோடைக்காலம். அதனால் குளிர் மேல் பழி போட முடியாது. எங்கோ பெட்ரோல் குறைகிறது, இல்லை காற்று கூடுகிறது, இல்லை கரண்ட் பலவீனம்.

இந்த ஊரில் நிஜமான பிரச்சினை வண்டி நிற்பதுதான். பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதை அடைபடும். கார்த்திகை தீபத் திருவிழா பத்து நாளும் மாட வீதிகளை ஒட்டி இருப்பவர்கள் காரை வெளியே எடுப்பதை மறந்துவிடலாம். அது மழைக்காலமும்கூட. நின்ற வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோக்கும்; பேட்டரி இறங்கும். செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6-க்குக் கீழே போனால், இன்ஜின் சுற்றும், ஆனால் காயிலுக்குப் போதிய கரண்ட் மிஞ்சாது. மூடியைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடைத்து, பாயின்ட் இடைவெளியை 15 தௌவில் (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்து, பிளக்கை 25 தௌவில் வைத்தாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். கார்புரேட்டருக்கு வேலை பார்த்த கூலி வீணோ என்று தோன்றும்.

இதையெல்லாம் பார்த்தும் பிடிக்கவில்லையா? கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். நுனி நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால், பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. இந்த ஒரு பார்வை, பல மெக்கானிக்குகள் ஒரு முழு நாளில் தேடுவதைச் சொல்லிவிடும்.

பிளக் காய்ந்திருந்தால்தான் கார்புரேட்டர் பக்கம் வர வேண்டும். என் வண்டியில் இருப்பது எஸ்.யூ. கார்புரேட்டர். இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் குடும்பத்துக்கு லண்டனில் செருப்பு வியாபாரம். ஆரம்ப மாடலில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்திதான் இருந்ததாம். எஸ்.யூ.வில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது. பத்மினி ஓட்டிப் பழகியவர்கள் சாவி போடும் முன் பெடலை நாலு மிதி மிதிப்பார்கள். பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் அதற்கு ஒரு பீச்சு பெட்ரோல் விழும். இங்கே ஒன்றும் விழாது. போளூர் ரோட்டு மெக்கானிக் ஒருவர் என் பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டே சொன்னது: "சார், சும்மா மிதிச்சுக்கினே இருக்காதீங்க, அதுல பம்பே இல்ல. சோக்கை முழுசா இழுத்துட்டுக் காலை எடுத்துடுங்க." பெடலை மிதித்தபடி செல்ஃப் அடித்தால் ஜெட்டின் மேல் உறிஞ்சல் குறைந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்த சோக் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். வேறு கார்புரேட்டர்களில் மேலே ஒரு தகடு காற்றை மறைக்கும். எஸ்.யூ.வில் ஜெட்டே கீழே இறங்கும். கூம்பு நீடிலுக்கும் ஜெட்டுக்கும் நடுவில் இடம் கூடி, பெட்ரோல் அதிகம் வரும். கிட் போட்டவர் கேபிளைத் தளர்வாக மாட்டியிருந்தால் டேஷ்போர்டில் குமிழ் முழுசா வெளியே வரும், ஜெட் பாதிதான் இறங்கும். வீட்டில் யாரையாவது குமிழை இழுக்கச் சொல்லி, பானெட்டுக்குள் குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். உள்ளே தள்ளும்போது ஜெட் முழுசாக மேலே திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் பிடிக்கிற வண்டி மதியம் கரும்புகை விடும்.

அடுத்தது காதால் கேட்கிற சோதனை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, விரலால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். 'டக்' என்று தட்டி உட்கார வேண்டும். அதையே சோக்கை இழுத்து, ஜெட்டை இறக்கி வைத்து செய்யுங்கள். இரண்டாம் தடவை சத்தம் கூர்மையாக இருந்தால், ஜெட் மேலே இருக்கும்போது நீடில் அதன் ஓரத்தில் உரசுகிறது என்று அர்த்தம்; ஜெட்டை நடுவில் பொருத்தியாக வேண்டும். கிட் மாற்றியபின் அதிகம் விட்டுப்போகிற வேலை இதுதான். நீடிலின் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கீழே நீட்டிக்கொண்டிருந்தால் கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவு. மேலே டேம்பரில் எண்ணெய் ஊற்றாவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், கிளம்பும்போதுதான் இருமும்.

எலக்ட்ரிக் பம்ப் இருக்கும் வண்டியில் சாவி போட்டதும் டிக் டிக் என்று வேகமாக அடித்து, ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் டேங்க் பக்கம் எங்கோ ஏர் இழுக்கிறது, அல்லது நீடில் வால்வு மூடாமல் ஓவர்ஃப்ளோ ஆகிறது.

கிட்டால் சரியாகாத ஒன்று உண்டு: தேய்ந்த பாடி. சென்னை ஜி.பி. ரோட்டில் கிட் சுலபமாகக் கிடைக்கும். அதில் ஜெட், நீடில், பேக்கிங் எல்லாம் இருக்கும். த்ராட்டில் ஷாஃப்ட் ஓடுகிற துளை பல வருஷத்தில் முட்டை வடிவமாகியிருந்தால் கிட் என்ன செய்யும்? ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் லேத்தில் கொடுத்துப் புஷ் போட வேண்டும். ஸ்லோ ஸ்பீடில் ஓடும்போது சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் ஷாஃப்ட் முனையிலும் மேனிஃபோல்ட் பேக்கிங்கிலும் தடவினால், ஏர் புகும் இடத்தில் சத்தம் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிக்கிறார்கள். இந்த இன்ஜினில் புகைக்குழாயும் கார்புரேட்டரும் ஒரே பக்கம். தயவுசெய்து வேண்டாம்.

கடைசியாக, இன்றைய பெட்ரோல். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. பெட்ரோல் எரிய அதன் எடையைப்போல் சுமார் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். ஆகவே பழைய ஜெட் அளவில் இன்ஜின் லீனாகத்தான் ஓடும். எத்தனால் ஆவியாக அதிக வெப்பமும் கேட்கும். ஆறிய இன்ஜினில் அது எங்கிருந்து வரும்? எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் கரைக்கும். ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். பல நாள் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்து வைப்பது நல்லது.

ஜெட்டுக்குக் கீழே இருக்கும் ஆறு பட்டை நட்டை மேலே முழுசாக ஏற்றி, அங்கிருந்து இரண்டு சுற்று இறக்குவது பழைய கணக்கு. எத்தனால் பெட்ரோலுக்கு அதை இப்போது இன்னும் ஒன்றிரண்டு பட்டை கீழே இறக்க வேண்டியிருக்கிறது. திருப்பும் முன் நட்டில் ஒரு பட்டையில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து யார் கை வைத்தாலும் எங்கே இருந்தது என்று தெரியும்.