கைசேதம் - சொல்லும் பொருளும்

நம்மவர் வீடுகளிலும் பயான் மேடைகளிலும் அடிக்கடி கேட்கும் சொற்களில் கைசேதம் என்பது ஒன்று. துக்கம், கவலை, வருத்தம் ஆகிய எல்லாவற்றிற்கும் சிலர் இதையே சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று.

சேதம் இன்னதென்று வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. கப்பலில் நனைந்து வந்த அரிசியும் கிட்டங்கியில் எலி கடித்த மூட்டையும் சேதமே. வெட்டுப்படுதல் என்னும் பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது இது. கைமுதல், கைமாற்று என்று வழங்குகிறோமே, அந்தக் கைதான் இங்கும் முன்னே வந்து நிற்கிறது. ஆகவே கைசேதமாவது, எங்கோ நேர்ந்த நஷ்டமன்று; தன் கைக்கு நேர்ந்த நஷ்டம். நாளடைவில் அதனால் மனம் படும் வேதனைக்கும் அதுவே பெயராயிற்று.

குர்ஆனில் ஹஸ்ரத், நதாமத் என்னும் சொற்கள் வருமிடங்களில் தமிழாக்கங்கள் கைசேதம் என்று எழுதுவதைக் காணலாம். மர்யம் சூராவில் மறுமை நாளுக்கு ‘யவ்முல் ஹஸ்ரத்’ என்று பெயர் வருகிறது. சகோதரனைக் கொன்றபின் காபில் அடைந்தது நதாமத். இதில் ஒரு விந்தை உண்டு. கஹ்ஃபு சூராவில் தோட்டத்தை இழந்த செல்வன் உள்ளங்கைகளைப் புரட்டுகிறான். ஃபுர்கான் சூராவில் அநியாயக்காரன் தன் கைகளைக் கடிக்கிறான். காளைக்கன்றை வணங்கியவர்கள் மனம் நொந்ததை அஃராஃப் சூரா கூறுமிடத்திலோ, கைகளில் விழுந்தது என்ற பொருள்படும் அரபு மரபுத்தொடரே வருகிறது. அரபியும் தமிழும் உறவு மொழிகள் அல்ல. ஆயினும் இரண்டிலும் இந்த வேதனை கையில்தான் வந்து நிற்கிறது!

துக்கத்திற்கு அரபியில் ஹுஸ்ன் என்பார்கள். நபி யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூசுஃபை எண்ணி அழுதது ஹுஸ்ன். கதீஜா நாயகியும் அபூதாலிபும் மறைந்த ஆண்டை, ஏறக்குறைய கி.பி. 619-ஐ, ஆமுல் ஹுஸ்ன் என்றே வரலாற்றாசிரியர் குறிப்பர். அவற்றில் துயரப்பட்டவர் கையால் விளைந்த குற்றம் எதுவுமில்லை.

பங்காளி வஃபாத்தானார் என்றால் நமக்கு வருவது துக்கம். அவர் இருந்தபோதே பேரேட்டைப் பார்த்துக் கணக்கைத் தீர்க்காமல் விட்டோமே, இன்று அவர் மக்கள் அநாதைகளாய் நிற்கிறார்களே என்று வருவது கைசேதம். முன்னதற்கு ஸப்ரு போதும். பின்னதற்குப் போதாது. 1277-இல் மறைந்த இமாம் நவவீ அவர்கள் தவ்பாவுக்குப் பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லையென உறுதிகொள்ளுதல் என மூன்று நிபந்தனைகள் கூறி, மனிதருடைய ஹக்கு சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக அதைத் தீர்த்துவிட வேண்டும் என்றும், அது பொருளாயின் உடையவரிடம் திருப்பித் தரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பங்கு நம் பெட்டியில் இருக்கும்வரை நாம் எத்தனை முறை கைசேதப்பட்டாலும் மூன்றோடுதான் நிற்கிறோம்.

கடிதம் எழுதும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. மையித்து வீட்டாருக்கு எழுதும்போது ‘துக்கத்தில் பங்குகொள்கிறோம்’ என்று எழுதுங்கள். புயலால் சரக்குத் தாமதமானால் ‘வருந்துகிறோம்’ என்பது போதும். எடை குறைத்து அனுப்பியது தெரிந்துவிட்டால் ‘கைசேதப்படுகிறோம்’ என்பதே பொருத்தம். குறைந்த சரக்கின் விலையை அவர் பற்றில் கழித்து எழுதிய சீட்டும் அதே உறையில் இருக்கட்டும்.