வாசல் கான்கிரீட்: தேய்க்கவா, பூசவா, பெயர்க்கவா?

கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்குமான கான்கிரீட், வீட்டு வேலையில் கடைசியாக நடப்பது. பணமும் பொறுமையும் தீர்ந்துபோயிருக்கும் நேரம். கலவையில் தண்ணீர் கூடிவிடும். அது மேலே கசிந்து நிற்கும்போதே மேஸ்திரி சிமெண்ட்டைத் தூவி, கரண்டியால் இழுத்து வழவழப்பாக்கிவிடுவார். அன்றைக்குப் பார்க்க அழகுதான். கொஞ்ச நாளில் மேல்தோல் பொடியாகக் கிளம்பும். டயர் திரும்பும் இடத்தில் செதில் செதிலாக உரிந்து ஜல்லி பல்லிளிக்கும்.

அப்போது எல்லோரும் சொல்லும் யோசனை, "மேலே அரை இஞ்ச் பூச்சு போட்டுடலாம் சார்." இருப்பதிலேயே மோசமான வழி இதுதான். பழைய கான்கிரீட் சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிந்திருக்கும். புதுப் பூச்சு இனிமேல்தான் சுருங்கும். மெல்லிய பூச்சின் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினால் பெயர்ந்துவிடும். பழைய பொடித்தோலின் மேலேயே பூசினால் கேட்கவே வேண்டாம்.

எதைச் செய்வதானாலும் முதலில் தளத்தைச் சோதியுங்கள். ஆணியால் அழுத்திக் கீறுங்கள்: கோடு மட்டும் விழுந்தால் நல்லது, மாவாக வந்தால் மேல்தோல் பலவீனம். சுத்தியலால் தட்டிக்கொண்டே நடங்கள்: கணீரென்று கேட்டால் அடித்தளம் உறுதி, பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. கடைசியாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்.

உள்ளே உறுதி, மேலே மட்டும் புழுதி அல்லது கரண்டித் தழும்பு என்றால் கிரைண்டிங் மெஷின் போதும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்த்து, சிலிக்கேட் ஹார்டனர் திரவம் தெளித்தால் மேற்பரப்பு இறுகும். தேய்த்த இடத்தில் ஜல்லி ஆங்காங்கே தெரியும், நிறமும் ஒன்றுபோல் இராது. கார் நிற்கும் இடத்துக்கு இந்த அழகு போதும் என்பது என் கட்சி. சரிவில் மட்டும் பாலிஷ் போடச் சொல்லாதீர்கள், மழையில் வழுக்கும். சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள் மட்டும் இருந்தால், அதையும் செய்யாமல் விட்டுவிடலாம்.

பள்ளம் மேடாக இருந்தால் பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டர். கொத்தனார்கள் வெறுமனே 'கெமிக்கல்' என்று சொல்லும் அந்த வெள்ளைத் திரவத்தை நம்பி ஆயத்த வேலையைக் குறைக்கக் கூடாது. பலவீனமான தோல் முழுவதையும் கொத்தியோ தேய்த்தோ எடுத்து, தூசு போகக் கழுவி, முதல் நாள் இரவே நனைத்துவிட வேண்டும். மறுநாள் தளத்துக்குள் ஈரம் இருக்க வேண்டும், மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. கெமிக்கலும் சிமெண்ட்டும் கலந்த பாலைத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மார்ட்டரைப் போட வேண்டும். காய்ந்த பிறகு போட்டால் பிடிப்புக்குப் பதில் பிரிவுதான். ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் இங்கே உண்டு; சரியாக அலசாவிட்டால் அந்த மிச்சமே ஒட்டுதலைக் கெடுக்கும். இத்தனை செய்தாலும் பழைய விரிசல் அதே இடத்தில் மேலே தலைகாட்டும்.

பேவர் பிளாக்கா, பார்க்கிங் டைல்ஸா என்று யோசிக்கும் முன் கேட்டின் அடியை அளந்துபாருங்கள். 60 மில்லிமீட்டர் பிளாக்கும் அடியில் மணலும் சேர்ந்தால் சுமார் மூன்றரை இஞ்ச் உயரும். கேட் திறக்காது, மழைத்தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பவும் கூடும். டைல்ஸ் உயரம் அவ்வளவு கூட்டாது. ஆனால் அடியில் வெற்றிடம் இல்லாமல் கலவை நிரம்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் ஏறியதும் உடையும்.

பொத்தென்ற சத்தம் பல இடங்களில் கேட்டாலோ, தளமே இறங்கியிருந்தாலோ பெயர்த்துவிடுங்கள். மண்ணை நன்றாக இடித்து, நான்கு முதல் ஐந்து இஞ்ச் கனத்தில் எம்20 கான்கிரீட், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம், எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு ஜாயின்ட். கசிந்த தண்ணீர் வற்றிய பிறகே கரண்டி படட்டும். கார் ஏறும் தளத்துக்கு வழவழப்பு வேண்டாம், துடைப்பத்தால் இழுத்த சொரசொரப்பே நல்லது. ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது பெரும்பாலும் விற்கும் பிபிசி (பொசோலானா கலந்த) சிமெண்ட்டுக்கு 10 நாள் ஈரம் காக்க வேண்டும். சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருங்கள். மூன்றாம் நாளே வண்டியை ஏற்றலாம் என்று மேஸ்திரி சொல்வார். கேட்காதீர்கள், ஈரம் காக்கும் நாட்கள் முடியும்வரைக்கும் கார் தெருவிலேயே நிற்கட்டும்.