சாளுவன்குப்பம் முருகன் கோயிலும் ஒரு விளக்கின் கணக்கும்

ஓம் சரவணபவ.

"எங்க ஊர்க் கோயில்லயும் வரலாறு பேசணும்னு ஆசை, எப்படி ஆரம்பிக்கிறது?"ன்னு தம்பி தங்கைகள் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் சொதப்பின கதையிலிருந்தே சொல்றேன்.

எங்க ஊர் மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோரம். கிருத்திகை அன்னிக்கு பஜனை முடிஞ்சு சுண்டல் கொடுக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நம்ம பக்கத்து வரலாறு பேசலாம்னு நாலஞ்சு பேர் சேர்ந்து முடிவு பண்ணோம். முதல் பேச்சு என்னுடையது. எடுத்துக்கிட்டது சாளுவன்குப்பம் முருகன் கோயில்.

விஷயம் இதுதான். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி, புலிக்குகைக்குப் பக்கத்தில் மணலை அரித்துக்கொண்டு போனது. அதுவரை மறைந்திருந்த பாறைக் கல்வெட்டு வெளியே தெரிந்தது. திருவிழிச்சில் என்ற ஊரில் ஒரு சுப்பிரமணியர் கோயில் இருந்ததாக அதில் குறிப்பு. அந்தத் துப்பைப் பிடித்து இந்தியத் தொல்லியல் துறை 2005இல் தோண்டியபோது கோயிலே கிடைத்தது.

நான் அன்னிக்கு இதை இப்படியா சொன்னேன்? வாட்ஸ்அப்பில் வந்த ஃபார்வர்டை மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன். "உலகத்தின் முதல் முருகன் கோயில்! தன் கோயிலைக் காட்ட முருகனே அனுப்பிய சுனாமி!" நல்ல கைதட்டல். முன்வரிசையில் குப்பத்து அக்கா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். சத்தம் அடங்கினதும் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்த அலையிலதான் எங்க அண்ணன் போனாரு. கோயிலைக் காட்ட முருகனுக்கு வேற வழி தெரியலையா?"

என்னிடம் பதில் இல்லை. சுண்டல் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவே முடியல.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். அங்கே இருப்பது ஒரு கோயில் மேல் இன்னொரு கோயில். கீழே வடக்கு பார்த்த செங்கல் கோயில். மேலே பல்லவர் காலத்துக் கருங்கல் கட்டுமானம். முன்னால் கல்லில் ஒரு வேல். கீழே உள்ள செங்கற்கள் பெரியவை, பூம்புகார், உறையூர் போன்ற சங்க கால இடங்களில் கிடைத்தவற்றைப் போன்றவை. அதை வைத்துத்தான் அடிக் கோயில் சங்க காலத்தது என்று அகழாய்வு செய்தவர்கள் கருதினார்கள். கல்லில் ஆண்டு பொறித்துக் கிடைத்த செய்தி இல்லை அது. செங்கல்லின் அளவை வைத்துச் செய்த கணிப்பு. மேடையில் இந்த வித்தியாசத்தைச் சொல்லிடணும். "உலகத்தின் முதல்" என்ற பேச்சே வேண்டாம்.

கல்வெட்டுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். நம்ம கல்வெட்டுகளில் பெரும்பாலும் "இந்த அரசனுக்கு இத்தனையாவது ஆட்சி ஆண்டு" என்றுதான் இருக்கும். அதை நம்ம ஆண்டுக்கு மாற்றுவது கல்வெட்டு அறிஞர்களின் வேலை. இங்கே பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளோடு ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்ததும் இருக்கு. கன்னட தேசத்து ராஜா இங்க எப்படி வந்தார்னு பசங்க கண்டிப்பா கேட்பாங்க. 949இல் தக்கோலத்தில் சோழர்களை ஜெயித்த பிறகு தொண்டை மண்டலம் அவர் கைக்குப் போச்சு. நம்ம கல்வெட்டுகள் அவரைக் கன்னர தேவன் என்று சொல்லும்.

அகழாய்வில் கிடைத்த பல்லவர் காலத் தூண் ஒன்றில், விளக்கெரிக்க ஒரு பெண் 16 கழஞ்சு பொன் கொடுத்த செய்தி இருக்கு. ஒரு கழஞ்சு சுமார் 5 கிராம். மொத்தம் 80 கிராம், அதாவது பத்து பவுன்! இப்படிச் சொன்னாத்தான் பெரியம்மாக்கள் நிமிர்ந்து உட்காருவாங்க. பொதுவா அந்தக் காலத்து ஏற்பாடு இதுதான்: கொடுத்த பொன்னை முதலா வச்சுக்கிட்டு, வர்ற வட்டியில் எண்ணெயோ நெய்யோ வாங்கி விளக்கு எரியும். அந்த வட்டிக்குப் பொலிசைன்னு பேர். தஞ்சைப் பெரிய கோயிலில் பொன்னுக்குப் பதில் ஆடு. ஒரு விளக்குக்கு 96 ஆடு, தினம் ஒரு உழக்கு நெய். இப்படி விட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் "சாவா மூவாப் பேராடு"ன்னு சொல்லும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து வந்துடும், எண்ணிக்கை குறையாது. எங்க ஊர் ஆடு மேய்க்கிற தாத்தா இதைக் கேட்டுட்டு, "நோய் வந்தா என்ன பண்ணுவான்?"னு கால் மணி நேரம் விவாதம் பண்ணார். என் பேச்சை விட அது நல்லா இருந்தது.

அடுத்த கிருத்திகையில் இதைத்தான் பேசினேன். முதல்ல, போன தடவை சொன்னது தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். சுனாமி மணலைத்தான் நகர்த்துச்சு, அதில் போன உயிருக்கு நாம காரணம் கற்பிக்கக் கூடாதுன்னு சொன்னேன். அக்கா வந்திருந்தார். ஒண்ணும் பேசல.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முப்பது பேர் சாளுவன்குப்பம் போனோம். காலைல போறதுக்குக் காரணம் இருக்கு. வெயில் சாய்வா விழுந்தா எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், நல்லாத் தெரியும். உச்சி வெயில்ல ஒண்ணும் தெரியாது. இருட்டான இடம்னா மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிங்க. எழுத்து தெரியணும்னு சாக்பீஸோ திருநீறோ தேய்க்காதீங்க, கல் கெட்டுடும். ஒரு தம்பி கற்பூரம் ஏத்தப் போனான். இது பாதுகாக்கப்பட்ட இடம், இங்க வேண்டாம்னு தடுத்தோம். முகம் வாடிப் போச்சு. கல் வேல் முன்னாடி கொஞ்ச நேரம் எல்லாரும் கைகூப்பி நின்னோம், அவனும் நின்னான்.

திரும்பும்போது அந்த அக்கா என் பக்கத்தில் நடந்து வந்தார். "பத்து பவுன் நம்மகிட்ட ஏது தம்பி? எண்ணெய் வாங்கித் தந்தா எரிப்பீங்களா?"ன்னு கேட்டார். இப்போ எங்க ஊர்க் கோயிலில் கிருத்திகை விளக்குக்கு எண்ணெய் அவர் வீட்டிலிருந்து வருது, அவங்க அண்ணன் பேரில்.

அடுத்த பேச்சு பதினொன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு தங்கை. அதே சாளுவன்குப்பத்தில் இருக்கிற அதிரணசண்ட குடைவரை பற்றி. ஒரே செய்தியை அங்கே இரண்டு விதமான எழுத்தில் ஏன் வெட்டினாங்கன்னு இப்பவே என்னைக் கேட்டுக் குடைஞ்சிட்டிருக்கா.

வேலும் மயிலும் துணை.