வரத்தும் கரையும்

திண்டிவனம்

அன்புள்ள கலையரசிக்கு,

பெரியப்பா எழுதுவது. விழுப்புரம் தையல் கூடத்து வேலைக்குப் போகவில்லை என்று நீ சொல்லிவிட்டதாக உன் அப்பா போனில் சொன்னான். கால் வலிக்கிறது, பஸ் ஏற முடியவில்லை என்று சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சம்பளம் வாங்கினால் மாற்றுத்திறனாளி பென்ஷன் நின்றுவிடும், அதனால் வீட்டில் இருந்தே அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதிக்கொள்கிறேன் என்றாயாம். போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால்தான் கடிதம். முடிவு உன்னுடையது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது பயந்துபோய் எடுத்த முடிவாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. நிதானமாகப் படி.

முதலில் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நீ வாங்கும் பென்ஷன் தமிழ்நாட்டில் 1974ல் தொடங்கியது. ‘ஆதரவற்ற’ என்ற சொல் அதன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் பணம் இல்லை, நிலம் இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று காட்டியவர்களுக்குத்தான் பணம். 2010ல் உன்னைப் போன்றவர்களை அழைக்கும் பெயர் ‘மாற்றுத்திறனாளி’ என்று மாறியது. ஆனால் அந்த ‘ஆதரவற்ற’ என்ற சொல் ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்த பாடம் மட்டும் இன்னும் மாறவில்லை. ஏதாவது இருப்பது தெரிந்தால் பணம் போய்விடும், அதனால் ஒன்றும் இல்லாமலே இருந்துகொள் என்பதுதான் அந்தப் பாடம். இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பெற்ற பிள்ளையின் பணம் நின்றுவிடக் கூடாதே என்ற அக்கறைதான். ஆனாலும் அந்த அக்கறை எத்தனையோ பேரைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஊனமுள்ள ஆண்களில் நூற்றுக்கு 47 பேர் வேலை செய்வதாகப் பதிவாகியிருக்கிறது. பெண்களில் 23 பேர்தான். இந்த இடைவெளிக்கு உடம்பு மட்டும் காரணமாக இருக்க முடியுமா? காலில் உள்ள குறை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். வீட்டிலேயே இரு என்று சொல்லும் வாய்கள்தான் பெண்ணைச் சுற்றி அதிகம்.

இந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கு உள்ள இதே மாதிரியான திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. 2023ல் முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் ஆனது, உன்னுடையது 1,500 ஆனது. 1,200க்கு 25 சதவீதம் கூட்டிப் பார், சரியாக 1,500 வரும். அந்த முந்நூறு ரூபாய் எதற்கு? மற்றவர் நடந்து போகும் தூரத்துக்கு நீ ஆட்டோ வைக்க வேண்டியிருக்கிறது, செருப்பைத் தனியாகச் செய்து வாங்க வேண்டியிருக்கிறது, மருத்துவமனைக்குப் போனால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. இந்தக் கூடுதல் செலவு வேலைக்குப் போனதும் குறையப் போவதில்லை, கூடத்தான் செய்யும். அப்படியென்றால் இந்தப் பணத்தை வேலை செய்யாமல் இருப்பதற்கான கூலியாக நினைப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. அதே சட்டம் 19ஆம் பிரிவில் தொழிற்பயிற்சி, சலுகை வட்டிக் கடன், சுயதொழில் பற்றிப் பேசுகிறது. ஒரு கையால் பென்ஷனும் மறு கையால் தொழிலும் நீட்டுகிற சட்டம், ஒன்றை எடுத்தால் மற்றதை விடு என்று மனதில் வைத்து எழுதப்பட்டிருக்க முடியாது.

“அதெல்லாம் சரி பெரியப்பா, நிஜமாகவே நிறுத்திவிட்டால்?” என்று கேட்பாய். நியாயமான கேள்விதான். பென்ஷனுக்கு வருமான நிபந்தனை உண்டு. அதன் வரம்பு காலத்துக்குக் காலம் மாறியும் வந்திருக்கிறது. டீக்கடையில் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று நம்பாதே. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். சரி, நின்றே போகிறது என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் ஆண்டுக்கு 18,000. தையல் கூடத்தில் சொன்ன சம்பளம் மாதம் 9,000 என்றால் ஆண்டுக்கு 1,08,000. ஒரு வருஷச் சம்பளம் ஆறு வருஷப் பென்ஷனுக்குச் சமம். ஒரு வருஷப் பென்ஷனைக் காப்பாற்றுவதற்காக வருஷா வருஷம் ஆறு வருஷப் பென்ஷனைத் தொலைக்கிற கணக்கு இது.

இதற்கு மேலும் ஒரு கேள்வி இருக்கிறது. உன் அம்மா அதைத்தான் கேட்பாள். வேலை நாலு மாதத்தில் போய்விட்டால், நின்ற பென்ஷனை மறுபடி வாங்க எத்தனை நடை நடப்பது? இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. அங்கும் 1974ல்தான் ஏழை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. தனி ஒருவர் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு வைத்திருந்தால் உதவி நின்றுவிடும். 1989லிருந்து அந்த வரம்பு உயரவே இல்லை. ஆனால் அவர்கள் கூடவே ஒரு வழியும் வைத்தார்கள். என்ன வேலைக்குப் போகப் போகிறேன், அதற்கு என்ன படிப்பு, என்ன கருவி, எவ்வளவு பணம், எத்தனை காலம் என்று ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டால், அதற்காக ஒதுக்கும் பணத்தை வருமானமாகவும் சொத்தாகவும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வேலை செய்ததால் உதவி நின்றுபோனவர், மறுபடி முடியாமல் போனால் ஐந்து ஆண்டுக்குள் கேட்டு, புதிதாக விண்ணப்பிக்காமலே திரும்பப் பெறவும் வழி உண்டு. 2014ல் தனிச் சேமிப்புக் கணக்குக்கும் சட்டம் போட்டார்கள். உதவி வாங்குகிறவர் வேலையை நோக்கிச் சேமிக்கலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். நம்மிடம் அப்படி ஒரு வழி இல்லை. ஆனால் அரசு போட்டுத் தராத அந்தத் திட்டத்தை நீயே ஒரு நோட்டில் எழுதலாமே! முதலில் ஆறு மாதப் பென்ஷன் அளவுக்கு, அதாவது 9,000 ரூபாயைச் சேர்த்துவிடு. வேலை போனாலும் அந்த ஆறு மாதம் நீ யாரிடமும் கை நீட்ட வேண்டாம், மறுபடி மனுப் போட்டு அலைய உனக்கு அவகாசம் கிடைக்கும். அதற்கு மேல் சேர்வது தொழிலுக்கு.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. கீரனூர் அணைக்கட்டில் புறப்படும் நந்தன் கால்வாய் 36 ஏரிகளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியது, அதில் கடைசி நம் பனமலை ஏரி. மேலே உள்ள ஏரியெல்லாம் நிரம்பிய பிறகுதான் நமக்கு. கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் வருவது ஒன்று, நிற்பது வேறு. வரத்து வாய்க்காலில் நாலு நாள் ஓடிவிட்டு நின்றுபோகும் தண்ணீரை நம்பி யாரும் நாற்று விட மாட்டார்கள். கரை உறுதியாக இருந்து, மதகை அடைத்து, கலங்கல் மட்டத்துக்கு ஏறினால்தான் அந்தத் தண்ணீர் ஒரு போகமாக மாறும். மாதம் 1,500 என்பது வெறும் வரத்து. மாதக் கடைசியில் அது இருந்த சுவடே இல்லாமல் போகிறது என்றால் இங்கே கரை போடவில்லை என்றுதான் அர்த்தம்.

கரையின் கணக்கைச் சொல்கிறேன். தபால் ஆபீஸ் தொடர் வைப்பில் மாதம் 500 ரூபாய் போடு. ஐந்து வருஷம் கட்டுகிற பணம் 30,000. இப்போதைய 6.7 சதவீத வட்டியில் கையில் வருவது 35,600க்கு மேல். இது பெரிய தொகையா என்று கேட்காதே, எந்தக் கதவைத் திறக்கும் என்று பார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவு. தொழில் மதிப்பில் சொந்தப் பங்கு ஐந்து சதவீதம் போதும், கிராமத்தில் தொடங்கினால் மானியம் 35 சதவீதம். ஐந்து லட்ச ரூபாயில் தையல் கூடம் என்றால் உன் பங்கு 25,000, மானியம் 1,75,000, மீதி வங்கிக் கடன். மாதம் ஐந்நூறு போட்டால் ஐந்து வருஷ முடிவில், வேலை போனால் என்று ஒதுக்கிய 9,000 போக, அந்த 25,000 உன் கையில். மானியம் உடனே கைக்கு வராது, மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருக்கும். அதுவரை தவணையை ஒழுங்காகக் கட்ட வேண்டும், அதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்தால் எங்கே முதலில் பார்ப்பது, ஒரு தான் துணியில் எத்தனை ஜாக்கெட் வெட்டுவது என்பதெல்லாம் புத்தகத்தில் வராது. அதைச் சம்பளம் கொடுத்துக் கற்றுத் தருகிற இடத்தைத்தான் நீ வேண்டாம் என்கிறாய்.

இனி நான் சொல்லப் போவது உன் வீட்டில் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் சொல்வேன். பணம் உன் பெயரில் இருக்க வேண்டும், பாஸ்புக் உன் பெட்டியில் இருக்க வேண்டும். அண்ணன் பெயரில் போட்டால் அதிகாரி கண்ணில் படாது என்பார்கள். சீட்டில் போட்டால் இரட்டிப்பாகும் என்பார்கள். நம் வீட்டு மனிதர்தானே, கேட்டால் கொடுக்க மாட்டாரா என்பார்கள். பெயர் எவருடையதோ முடிவும் அவருடையது. ‘உனக்காகத்தான் வைத்திருக்கிறேன்’ என்று சொல்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உன் பணத்தைக் கேட்க நீ அவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறதே, அதுவே போதும். நான் சொல்லிக்கொண்டிருந்த அதே சட்டம் 13ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிக்குச் சொத்து வைத்திருக்கவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் வங்கிக் கடன் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்று எழுதி வைத்திருக்கிறது. மறைத்து வைக்கும் பணம் ஒருநாள் மாட்டிக்கொள்ளும், அன்று பென்ஷனோடு மானமும் போகும். சம்பளத்தைச் சொல்லியே வாங்கு, சேமிப்பைச் சொல்லியே சேர்.

வீட்டுச் செலவுக்குப் போக ஐந்நூறு எங்கே மிஞ்சும் என்று உன் அம்மா கேட்பாள். அவள் படும் பாடு எனக்குத் தெரியும், அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் வேலைக்குப் போய்வர, சாதாரண நகரப் பேருந்தில் உனக்குக் கட்டணம் இல்லை. பென்ஷன் வீட்டுக்குப் போகட்டும், சம்பளத்திலிருந்து இந்த ஐந்நூறை எடுத்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல். அதை அவள் மறுக்க மாட்டாள். குரூப் 4 எழுது, வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 4 சதவீத ஒதுக்கீடு உன் உரிமை. ஆனால் அந்த நான்கும் வெவ்வேறு வகைக் குறைகளுக்குப் பிரிந்து, கால் குறைபாடு வரும் பிரிவுக்கு நூற்றுக்கு ஒன்றுதான் மிஞ்சும். பரீட்சைக்குப் படிப்பதை வேலைக்குப் போகிறவள் செய்ய முடியும். காத்திருக்கிறவளுக்கு வயதுதான் சேரும், பணம் சேராது. இரண்டு வழியும் திறந்திருக்கிறது, எது வேண்டுமானாலும் தேர்ந்துகொள். ஒன்று உன்னை நடத்திக்கொண்டு போகும், மற்றது உன்னை உட்கார வைத்திருக்கும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

எழுதி முடித்துப் பார்த்தால் நிறையப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. ஏதாவது வார்த்தை சுருக்கென்று பட்டிருந்தால் பெரியப்பாவை மன்னித்துவிடு. நீ வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், பாஸ்புக் வைத்தாலும் வைக்காவிட்டாலும், இந்தக் குடும்பத்தில் உன்னைப் போல் மனசுள்ள பிள்ளை வேறு யாரும் இல்லை. நீ தைத்துக் கொடுத்த தலையணை உறையில்தான் இன்னும் தலை வைத்துப் படுக்கிறேன், தையல் ஒரு இழை பிரியவில்லை. கணக்கு துவக்க முதல் ஐந்நூறை நான் தருகிறேன். கடனும் இல்லை, நிபந்தனையும் இல்லை. வேண்டாம் என்றால் அதில் சேலை எடுத்துக்கொள், அப்போதும் எனக்குச் சந்தோஷம்தான். பொங்கலுக்கு வருகிறேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசலாம். அன்றைக்குப் பென்ஷன், வேலை, எதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன் நலம் நாடும்
பெரியப்பா